சோப்பு இல்லாமல் ஒரு பால்



மழைக்குப் பிறகு நம்ம புதுக்கோட்டைப் பக்கத்து ஊருணிகளில் தண்ணீர் பல நாள் கலங்கியே நிற்கும். மண் ஏன் அடியில் தங்குவதில்லை? நுண்ணிய களிமண் துகள் ஒவ்வொன்றின் மேலும் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். அதனால் துகள்கள் ஒட்டிச் சேராமல் மிதக்கின்றன. படிகாரத்தைக் கலக்கினால், அதிலுள்ள அலுமினியத்தின் நேர் மின்னூட்டம் இதை அடக்கிவிடும். துகள்கள் திரண்டு கீழே இறங்கும். எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் குடத்துக்கு எவ்வளவு படிகாரம் என்பது அவருக்கு அத்துப்படி. அதன் காரணம்தான் என் டிப்ளமோ புத்தகம் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் பாலும் இப்படித்தான். ரப்பர் துகள்களைப் புரதமும் கொழுப்புப் பொருளும் போர்த்தியிருக்கும். அவற்றின் எதிர் மின்னூட்டம்தான் காவல். அம்மோனியா சேர்த்தால் பால் கெடாமல் நிற்கும். ஃபார்மிக் அமிலம் விட்டால் காவல் போய், பால் உறைந்துவிடும்.

பெயிண்டுக்கும் பசைக்கும் வேண்டிய செயற்கை லேட்டக்ஸில் இந்தக் காவலுக்குச் சோப்பு வகைப் பொருள் சேர்ப்பதே வழக்கம். இதை எமல்சிபையர் என்கிறோம். ஆனால் வேலை முடிந்த பிறகும் அது உள்ளேயே தங்கிவிடும். காய்ந்த பெயிண்டில் ஈரம் பட்டால் வெளியே கசியும்.

சோப்பே இல்லாமல் செய்ய முடியுமா? முடியும்!

1. தண்ணீர், அதில் பத்தில் ஒரு பங்கு ஸ்டைரீன், கொஞ்சம் பொட்டாசியம் பர்சல்பேட். நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றி, சுமார் 70 டிகிரி செல்சியஸில் விடாமல் கலக்க வேண்டும்.

2. சூட்டில் பர்சல்பேட் உடைந்து, மின்னூட்டமுள்ள சல்பேட் ராடிக்கல்கள் உண்டாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் சிறிதளவு ஸ்டைரீனை இவை சங்கிலியாகக் கோக்கும்.

3. சங்கிலி நீண்டதும் அதன் வால் தண்ணீரை வெறுக்கும். சல்பேட் தலையோ தண்ணீரை விரும்பும். சங்கிலிகள் கூடித் துகளாகும்போது வால்கள் உள்ளே, தலைகள் வெளியே.

4. மிகச் சிறிய துகள்களுக்கு மின்னூட்டம் போதாது. அவை ஒன்றோடொன்று சேரும். மேற்பரப்பில் போதிய மின்னூட்டம் வந்ததும் சேர்வது நிற்கும். அதன்பின் எல்லாத் துகள்களும் சமமாக வளரும்.

ஆக, வினையைத் தொடங்கி வைத்த பர்சல்பேட்டே காவலையும் பார்த்துக்கொள்கிறது! 1970-களில் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் இம்முறையை விரிவாக ஆராய்ந்தார்கள்.

இதனால் என்ன லாபம்? மூட்டுவலிக்காரர்களுக்கு எடுக்கும் ஆர்.ஏ. லேட்டக்ஸ் ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். 1956-இல் சிங்கர், பிளாட்ஸ் என்ற இருவர் வெளியிட்டது. லேட்டக்ஸ் துகள்மேல் புரதத்தைப் பூசி, நோயாளியின் சீரத்தோடு கலப்பார்கள். நோய்க்குரிய காரணி இருந்தால் சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியும்படி திரளும். துகள்மேல் சோப்பு இருந்தால் புரதம் சரியாக உட்காராது. எனவே இத்தகைய வேலைகளுக்குச் சுத்தமான, ஒரே அளவுள்ள துகள்களுக்கு மதிப்பு அதிகம். எங்கள் ஊர்ப் பாட்டிமார்களின் முழங்கால் வலிக்கும் நம் பாடத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை!

குறையும் உண்டு. வினை மெதுவானது, பல மணி நேரம் ஆகும். பாலிமர் அளவும் பொதுவாகக் குறைவு. உப்பு அதிகம் சேர்ந்தால் இதுவும் திரண்டுவிடும். அதனால்தான் பெயிண்டுத் தொழிற்சாலைகள் இன்னும் எமல்சிபையரை விடவில்லை.

வைவாவில் "எமல்சிபையர் இல்லாமல் எமல்ஷன் பாலிமரைசேஷன் நடக்குமா?" என்று கேட்டால் தயங்காதீர்கள். "நடக்கும் சார். தேவை மின்னூட்டம், அது சோப்பிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை" என்று தைரியமாகச் சொல்லுங்கள்!