ஓரங்கி கற்பிக்கும் பாடம்

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. குளித்த நீர் சாக்கடை வழியே போய்விடுகிறது. இவ்விரண்டும் இல்லாத வாழ்வை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

பாக்கிஸ்தானின் பெருநகரம் கராச்சி. அங்கே அரசின் முறையான அனுமதியின்றி எழுந்த குடியிருப்பு ஓரங்கி. அதனால் அங்குக் கழிவுநீர்க் குழாய்கள் போடப்படவில்லை. சந்துகளிலேயே கழிவுநீர் ஓடியது, நோயும் பரவியது.

1980 ஆம் ஆண்டில் டாக்டர் அக்தர் ஹமீத் கான் என்னும் பெரியவர் அங்கே ஓரங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். ஒப்பந்தக்காரரின் இலாபமும் இலஞ்சமும் சேர்ந்தால் செலவு பன்மடங்காகும் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே, 20 முதல் 30 வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தன் பொறுப்பாளரைத் தானே தேர்ந்தெடுத்தது. அவர் வீடுதோறும் பணம் திரட்டினார். மக்களே முன்னின்று குழாய் பதித்தனர். திட்டத்தார் வரைபடமும், மதிப்பீடும், கருவிகளும் தந்து உதவினர். மக்களின் பணத்தில் ஒரு காசையும் தொடவில்லை. அக்காலத்தில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 1,000 பாக்கிஸ்தான் ரூபாயே செலவாயிற்று. பணம் கொடுத்தவரும் கணக்கு வைத்தவரும் ஒரே சந்தில் வாழ்ந்தபோது கணக்கை எங்கே ஒளிப்பது? நாளடைவில் 90,000 வீடுகளுக்கு மேல் பயன் பெற்றன.

ஆனால் குடிநீரைச் சந்துக்குள் உண்டாக்க முடியாதன்றோ! அது சிந்து நதியிலிருந்தும் ஹப் அணையிலிருந்தும் பெருங்குழாய்களில் வர வேண்டும். வழியிலேயே அக்குழாய்களைத் துளைத்து, நீரைத் திருடி, லாரிகளில் ஏற்றி ஏழைகளுக்கே அதிக விலைக்கு விற்றது ஒரு கூட்டம். காக்க வேண்டியவர்களிற் சிலரும் அதற்கு உடந்தை. வேலியே பயிரை மேய்ந்தது!

இதனை வெளிப்படுத்தத் துணிந்தவர் ஒரு பெண்மணி. கட்டடக்கலை பயின்ற பர்வீன் ரஹ்மான், இளம் வயதிலேயே இத்திட்டத்தில் சேர்ந்து பின்னர் அதன் தலைமையை ஏற்றவர். நீர் எங்கெங்கே திருடப்படுகிறது என்பதை விசாரித்து வரைபடத்தில் குறித்தார். ஏழைகளின் நிலம் பறிபோவதையும் ஆவணப்படுத்தினார். 2013 மார்ச் 13 அன்று, காரில் சென்று கொண்டிருந்த அவரைக் கொடியோர் சுட்டுக் கொன்றனர்.

தோழியரே, இலஞ்சம் இருளில் வளர்வது. எல்லாரும் பார்க்கும் கணக்கும் வரைபடமும் அதன் மேல் விழும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பிடித்து நிற்கப் பர்வீன் அம்மையார் தம் உயிரையே கொடுத்தார். நம்மிடம் அவ்வளவு கேட்கப்படவில்லை. வகுப்புச் சுற்றுலாவுக்குத் திரட்டும் பணத்தின் வரவுசெலவைக் கரும்பலகையில் எழுதி வைப்போம். சிறு கணக்கில் பழகிய நேர்மையே நாளை நாம் வகிக்கும் பதவியிலும் நம்முடன் நிற்கும்.