சிறு மோதலும் பம்பர்க் கணக்கும்

மோட்டார் வண்டிகள் மல்கிய இந்நாளில், ஒரு காரின் முகம் மற்றொரு காரின் முதுகில் மெல்ல முட்டுதல் யாண்டும் நிகழ்வதே. உடம்புக்கு ஊறில்லை, பம்பர் மாத்திரம் பிளந்தது. உடனே வண்டிக்குரியவர், "இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்று மனந்தேறுவர். அங்ஙனம் தேறுமுன் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கொன்று உண்டு. அதனை நம் இந்திய நாட்டு முறைமை கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பம்பரின் அமைப்பை நோக்குவாம். வெளியே தோன்றுவது பிளாஸ்டிக் உறையே. அதன் உட்புறத்தே, பல கார்களில், நுரைப்பொருளும் குறுக்கே ஓர் உலோகச் சட்டமும் உள. உறை மாத்திரம் கீறியதாயின் ஒட்டவைத்து வர்ணம் பூசலாம். சட்டம் வளைந்தோ, சென்ஸார் கெட்டோ இருப்பின் செலவு பன்மடங்காகும். ஆதலின், உறையைக் கழற்றிப் பாராது செலவை மதித்தல் தகாது.

இனி, இன்ஷூரன்ஸ் இருதிறப்படும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது, நம் வண்டியால் பிறர்க்கு விளையும் கேட்டினை ஈடுசெய்வது. அஃது ஒன்றே உடையார் தம் பம்பருக்கு ஒரு காசும் பெறார். தம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் பொலிசி எடுத்தவரே அதனைக் கோரலாம்.

அவர்க்கும் முழுத்தொகை கிட்டுவதில்லை. வழக்கமான பொலிசியிற் பிளாஸ்டிக் உறுப்புகளின் விலையிற் பாதி தேய்மானமெனக் கழியும். வர்ணச் செலவில் நாலிலொரு பங்கைப் பொருள்விலையாகக் கொண்டு, அதிற் பாதியைக் கழிப்பர். இவற்றின்மேல், 1,500 சி.சி.க்கு மேற்படாத காருக்கு 1,000 ரூபாயும், மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் உரியவரே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவாம்.

ஓர் உதாரணம் கொள்வோம். சிறிய காரொன்றுக்குப் புதிய உறை 8,000 ரூபாய், வர்ணம் 4,000, கூலி 1,500. ஆக 13,500 ரூபாய். உறையில் 4,000, வர்ணத்தில் 500, கட்டாயக் கழிவு 1,000 போகக் கம்பெனியார் தருவது 8,000 ரூபாய். இது நல்ல வரவே எனத் தோன்றும்.

ஆயின், கோராதிருந்தவர்க்கு உரிய தள்ளுபடி ஒன்றுண்டு. 'நோ க்ளெயிம் போனஸ்' என்பது அதன் பெயர். தம் வண்டிச் சேதத்துக்குரிய பிரீமியத்தில், கோரிக்கையற்ற ஆண்டுகள் தொடருந்தோறும், அது முறையே 20, 25, 35, 45, 50 சதவீதமென ஏறும். ஒருமுறை கோரினால் மறு ஆண்டு சுழியாகும். மீண்டும் முதற்படியினின்றே ஏறல் வேண்டும்.

அப்பிரீமியம் தள்ளுபடிக்கு முன் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றும், மேற்படியார் அடுத்த ஆண்டு 50 சதவீதம் பெறவேண்டியவர் என்றும் கொள்வோம். கோரியதனால் அவர் இழப்பது முதலாண்டில் 5,000. பின் முறையே 3,000, 2,500, 1,500, 500. ஆக 12,500 ரூபாய். 8,000 பெற்று 12,500 இழந்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழி இவர்க்கே பொருந்தும். தேய்மானங் கழியாத 'ஜீரோ டெப்' பொலிசி உடையவராயின் 12,500 பெற்று 12,500 இழப்பார்; அப்பொலிசிக்கு மிகுதியாய்க் கட்டிய பிரீமியமோ வேறு.

கார் வாங்கிய முதலாண்டிலேயே முட்டியவர்க்குக் கணக்கு மாறும். ஏறவேண்டிய படிகள் ஓராண்டு தாழ்வதால் அவர் இழப்பது 2,000, 500, 1,000, 1,000, 500 என 5,000 ரூபாயே. 3,000 ரூபாய் மிச்சம். ஒரே பிளவு ஒருவர்க்கு ஆதாயமும் மற்றொருவர்க்கு நட்டமும் ஆதல் காண்க. சேதம் பெரிதாயின் எவரும் கோருவதே முறை.

கோரத் துணிந்தவர் தாமதியாது கம்பெனிக்கு அறிவித்து, அவர்கள் பார்வையிட்ட பின்னரே பழுது பார்த்தல் வேண்டும். எதிர்த்தரப்பார்க்குத் தருவதாக, கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதமின்றி வாக்களித்தலும் ஆகாது.

இறுதியாக ஒன்று. பழைய கீறல்களைப் புதிய மோதலில் சேர்த்துக் கோருவாரும், கம்பெனி மாறுங்கால் முன் பெற்ற தொகையை மறைத்துத் தள்ளுபடி கேட்பாரும் உளர். இன்ஷூரன்ஸ் நிதியாவது பலர் தத்தம் பங்கை இட்டுவைத்த பொதுப்பொருள். பொய்யுரைத்து அதினின்று எடுப்பது அயலார் பணத்தை எடுப்பதேயாம். பொய் வெளிப்படின், பெரும் விபத்து நேர்ந்த நாளில் வண்டிச் சேதத்துக்குரிய ஈடு மறுக்கப்படவுங் கூடும். தாங்கத்தக்க சிறு செலவைத் தாமே தாங்கி, தாங்கவொண்ணாத பேரிழப்புக்கே பொதுநிதியை நாடுதல் அறிவுக்கும் அறத்துக்கும் ஒருங்கே பொருந்துவதாகும். வண்டியோட்டக் கற்கும் நம் மாணவ நண்பர்கள் இக்கணக்கையும் உடன் கற்பாராக.