ஆமை முட்டையும் வெப்பமானியும்

மீன் நோக்கியும், பறவை அணைத்தும், ஆமை நினைந்தும் குஞ்சு பொரிக்கும் என்பது நயன, பரிச, மானச தீட்சைகளை விளக்கச் சைவ நூலோர் எடுத்தாளும் உவமை. கடலாமை கரையிலே குழி தோண்டி முட்டையிட்டு, மணலால் மூடிக் கடலுக்கு மீள்கின்றது; பின்னர் வந்து பார்ப்பதில்லை. அங்ஙனமாயின் முட்டையைப் பொரிப்பது யாது? வெயிலிற் காய்ந்த மணலின் வெப்பமே.

அவ்வெப்பம் ஆற்றும் தொழில்கள் இரண்டு. ஒன்று, ஏறத்தாழ 50 முதல் 60 நாள்களிற் கருவை வளர்த்துக் குஞ்சாக்குதல். மற்றொன்று, ஆண் பெண் வகுத்தல். மனிதரில் இப்பகுப்புக் கருவுறும்போதே அமைகின்றது. கடலாமையிலோ, அடைகாலத்தின் நடுப்பகுதியில் நிலவும் வெப்பநிலையே அதனைத் துணிகின்றது. 29 செல்சியஸ் பாகையளவில் இருபாலும் கலந்து பிறக்கும். 31 பாகையைக் கடப்பின் பெரும்பாலும் பெண்ணே. 27 பாகையிற் குறையின் பெரும்பாலும் ஆணே. முதலைக்கு விதி வேறு. சென்னை முதலைப் பண்ணையில் நடந்து, 1989இல் வெளிவந்த ஆராய்ச்சியிற் சதுப்பு முதலையின் முட்டைகள் 31 பாகைவரை பெண்ணையும், 32.5 பாகையில் ஆணையும் தந்தன.

வெள்ளவத்தையிற் புகைவண்டியேறித் தென்கரை வழியே செல்வோர் கொஸ்கொடப் பகுதியில் ஆமைக்குஞ்சு பொரிப்பகங்களைக் காணலாம். கரையில் எடுத்த முட்டைகளை வேலியிட்ட மணற்பாத்தியிற் புதைத்துக் காப்பது அங்குள்ள முறை. நாயும் உடும்பும் மனிதரும் கவராமற் காத்தல் நற்செயலே. ஆயினும் பாத்தி முழுவெயிலிற் கிடப்பின் பெண்ணும், அடர்நிழலிற் கிடப்பின் ஆணுமே மிகுதல் கூடும். ஆமை பருவமெய்தப் பல்லாண்டு செல்லுமாதலால், இன்றைய பிழை உடனே புலப்படாது. அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியிற் பிறந்த இளம் பச்சை ஆமைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண் என 2018இல் வெளியான ஆய்வு அறிவித்தது.

ஆகவே வெப்பமானியை முட்டை கிடக்கும் ஆழத்திலே வைத்து, நாடோறும் குறித்த வேளைகளில் அளவெடுத்து எழுதுதல் வேண்டும். மேல்மணலின் சூட்டைக் கொண்டு அடிமணலை மதிப்பிடல் தவறு. கரு வளருந்தோறும் முட்டைகளின் சொந்தச் சூடும் சேரும் என்பதையும் மறத்தலாகாது. அளவு மிகின் கிடுகு வேய்ந்து நிழல் செய்யலாம்.

மாணவர் இவ்வுண்மையை வெள்ளவத்தைக் கடற்கரையிலேயே சோதிக்கலாம். வெயிலில் ஓரிடமும் நிழலில் ஓரிடமுமாக, மணலின் மேலும் முழங்கை ஆழத்திலும் அளந்து ஒப்பிடுக. முட்டையை எடுத்தவர் ஆமையின் நினைவையும் தாமே மேற்கொண்டவராவர். அந்நினைவு நாள்தோறும் ஏட்டிற் குறித்த அளவாக விளங்குதல் வேண்டும்.