இரண்டு ஆண்டிபயாடிக் என்றால் இரட்டைப் பலமா?

நம்பிக்கை: எந்த மருந்துக்கும் மசியாத கிருமியை இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தால்தான் அடக்க முடியும்.

உண்மை: ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பம் ‘இன்னொரு ஊசியும் சேர்த்துப் போடுங்க டாக்டர்’ என்று கெஞ்சுவது இயல்பு. மருத்துவர்களும் நெடுநாள் அப்படித்தான் நம்பினார்கள். ஆய்வகம் அதற்கு இடம் கொடுத்தது: கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக் கிருமியின் வெளிச்சவ்வைக் குலைக்கும், அந்த வழியாக மெரோபெனம் என்ற இன்னொன்று உள்ளே நுழையும். சோதனைக் குழாயில் இது நன்றாகவே நடந்தது.

நோயாளியின் உடலில் நடக்கவில்லை. இஸ்ரேல், கிரீஸ், இத்தாலி மருத்துவமனைகளில் 406 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பெரும்பாலோரைத் தாக்கியிருந்தது அசினெடோபாக்டர் என்ற கிருமி. 2018இல் முடிவு வெளியானது. 28 நாளுக்குள் இறந்தவர்கள், கோலிஸ்டின் மட்டும் பெற்றவர்களில் 43%, இரண்டும் பெற்றவர்களில் 45%. பின்னர் நடந்த இன்னொரு பெரிய ஆய்விலும் கூட்டு மருந்தால் கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை.

நம்பிக்கை: பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் ஒன்றுமில்லையே.

உண்மை: சிறுநீரகம் அப்படிச் சொல்லாது. பல ஆண்டிபயாடிக்குகளுக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ கிருமி ரத்தத்தில் கலந்தவர்களுக்கு, வழக்கமான மருந்தோடு பென்சிலின் வகை மருந்தையும் சேர்த்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கூட்டு மருந்து பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்குச் சிறுநீரகம் பாதித்தது. மற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கே.

நம்பிக்கை: அப்படியானால் ஒற்றை மருந்தே எப்போதும் மேல்.

உண்மை: காசநோயில் அதைவிட ஆபத்து வேறில்லை. 1948இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் பெற்றவர்கள் முதலில் தேறினார்கள். பிறகு பலரிடம் கிருமி அந்த மருந்தையே எதிர்க்கத் தொடங்கியது. நுரையீரலில் கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளில் சில பிறவியிலேயே ஒரு மருந்துக்குத் தப்பும். அவற்றை இரண்டாவது மருந்து கொல்லும்.

பல ஆண்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் என்டிஎம் நொதி உள்ள கிருமியிலும் கூட்டுக்குக் காரணம் உண்டு. அந்த நொதியால் அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தைச் சிதைக்க முடியாது. ஆனால் அதே கிருமியிடம் அஸ்ட்ரியோனாமைச் சிதைக்கும் வேறு நொதிகள் பெரும்பாலும் இருக்கும். அஸ்ட்ரியோனாமோடு சேர்த்துத் தரும் அவிபாக்டம் அவற்றை முடக்குகிறது. இங்கே இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. அசினெடோபாக்டர் ஆய்வில் மெரோபெனத்துக்கு அது இல்லாமல் போயிற்று.

நம்பிக்கை: இரண்டு மருந்தில் தொடங்கினால் இரண்டையும் முடித்தே தீர வேண்டும்.

உண்மை: உயிருக்குப் போராடுபவருக்கு, கிருமி எது என்று தெரியும் முன்பே இரண்டு மருந்து தொடங்குவது நியாயம்தான். இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் ரிப்போர்ட் வரும். மருந்தின் பெயருக்கு எதிரே ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அதற்குக் கட்டுப்படும், ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது. அந்தத் தாளைப் பார்த்துத் தேவையற்றதை மருத்துவர் நிறுத்துவது சிகிச்சையைக் குறைப்பதாகாது. ரிப்போர்ட் வந்த பிறகும் இரண்டும் தொடர்ந்தால், ஒவ்வொன்றும் எதற்கு என்று குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம்.