செவிக்கு இனிய நகரம்

நுழையும்முன்

இசைத்தட்டில் பதிந்த குரலையும் யாழொலியையும் நேரில் கேட்பது போலவே வீட்டிலும் கேட்க விழைவோர் உலகெங்கும் உள்ளனர். உயர்தர ஒலிக்கருவிகளில் பெருவிருப்புடைய இவர்களுக்கு ஏற்ற நகரம் எது? விலையுயர்ந்த கருவிகளை விற்கும் கடைகள் மட்டும் இருந்தால் போதுமா? ஜப்பானின் தலைநகரான டோக்கியோவைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

உதிரிப்பொருள் அங்காடி

இரண்டாம் உலகப்போரில் டோக்கியோ நகரின் பெரும்பகுதி எரிந்து அழிந்தது. 1945இல் போர் முடிந்தபின், அகிஹபாரா என்னும் பகுதியின் தெருவோரங்களில் வானொலி உதிரிப்பொருள்களை விற்கும் சிறுகடைகள் பெருகின. புதிய வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றோர் வெற்றிடக் குழாய், கம்பிச்சுருள், மின்தேக்கி முதலியவற்றை வாங்கிச் சென்று, தாமே கருவிகளை அமைத்துக்கொண்டனர். அருகிலிருந்த மின்பொறியியல் பள்ளி மாணவர்களும் இவ்வணிகத்தில் ஈடுபட்டனர். தெருவோரக் கடைகளை அகற்றுமாறு 1949இல் ஆணை பிறந்தபோது, கடைக்காரர் பலர் தொடர்வண்டி மேம்பாலத்தின் அடியில் இடம்பெற்றனர்.

தானே கருவி செய்தவன் அதன் குறையையும் அறிவான். ஒலி ஏன் கரகரக்கிறது, எந்தக் கம்பியை மாற்றினால் அது தெளியும் என்று ஆராய்ந்தோரால் அந்நகரில் ஒலியறிவு வளர்ந்தது.

ஒரு கோப்பைக் காபியின் விலையில்

அக்காலத்தில் அயல்நாட்டு இசைத்தட்டுகளின் விலை மிகுதி. வீடுகளோ சிறியவை, சுவர்களோ மெல்லியவை. ஆகவே ஒலியை உயர்த்திக் கேட்டால் அண்டை வீட்டார்க்கு இடையூறாகும். இவ்விரு இடர்களுக்கும் 'கிஸ்ஸா' எனப்படும் காபிக் கடைகள் தீர்வாயின. கடைக்காரர் சிறந்த ஒலிபெருக்கியையும் இசைத்தட்டுகளையும் தம் பொருளில் வாங்கி வைப்பார். வருவோர் ஒரு கோப்பைக் காபிக்கு உரிய காசைக் கொடுத்துவிட்டு நெடுநேரம் இசை கேட்கலாம்.

ஷிபுயா பகுதியில் உள்ள 'லயன்' அத்தகைய கடைகளுள் ஒன்று. 1926இல் தொடங்கிய அக்கடை, போர்க்காலக் குண்டுவீச்சில் எரிந்து, 1950இல் மீண்டும் எழுந்தது. அங்கே மாபெரும் மரப்பெட்டி ஒலிபெருக்கிகளை நோக்கியே இருக்கைகள் அமைந்துள்ளன. வருவோர் பேச்சைத் தவிர்த்து இசையைக் கேட்பது அவ்விடத்து வழக்கம். தனியொருவர் வாங்க இயலாத இசையை, மாணவரும் தொழிலாளரும் ஒருங்கே அமர்ந்து கேட்டனர்.

ஒப்பிட ஓர் அரங்கம்

கருவி தரும் ஒலி உண்மையானதா என்று அறிய, இயற்கை ஒலியைக் கேட்டுப் பழகிய செவி வேண்டும். அதற்கு நல்ல அரங்குகள் துணைபுரிகின்றன. 1986இல் திறக்கப்பட்ட சன்டோரி அரங்கில் 2006 இருக்கைகள் உள்ளன. மேடையைச் சுற்றி நாற்புறமும் அவையோர் அமர்கின்றனர். இசைக்குழு ஒலிபெருக்கியின் துணையின்றியே இசைக்கிறது. சுவர்களிலும் கூரையிலும் பட்டு மீளும் ஒலி உடனே மறையாமல் சிறிது நேரம் நிலைப்பதை எதிர்முழக்கம் என்பர். அவை நிறைந்திருக்கும்போது இவ்வரங்கில் அது ஏறத்தாழ 2.1 நொடி நீடிக்கும். இதனினும் மிக நீண்டால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். மிகக் குறைந்தால் இசை வறண்டு ஒலிக்கும்.

செவியின் பயிற்சி

அங்காடி, காபிக் கடை, அரங்கம் ஆகிய மூன்றும் டோக்கியோவைச் செவிக்கு இனிய நகரமாக்கின. இம்மூன்றையும் வாழவைப்பது பொறுமையுடன் கேட்கும் மக்களின் பழக்கமே. ஊர்தி ஒலியும் ஆரவாரமும் நிறைந்த நகரில், எத்துணை விலையுயர்ந்த கருவியும் மெல்லிய வீணை நாதத்தை விளங்கக் காட்டாது. பிறர் கேட்கும்போது அமைதி காப்பது, காசில்லாதவரும் பிறர்க்கு அளிக்கத்தக்க கொடை. கேட்டலைச் செல்வமாகப் போற்றிய திருவள்ளுவர், அதற்கெனக் 'கேள்வி' என்னும் அதிகாரத்தையே அமைத்துள்ளார்.

சொற்பொருள்

அங்காடி – கடைத்தெரு
நாதம் – இனிய ஒலி
இடர் – துன்பம்
ஒருங்கே – ஒன்றுசேர்ந்து
கொடை – ஈகை

பயிற்சி

அ) பிரித்து எழுதுக: இசைத்தட்டு, மரப்பெட்டி, இவ்வரங்கு.

ஆ) குறுவினா
1. அகிஹபாராவில் மக்கள் கருவிகளைத் தாமே அமைத்தது ஏன்?
2. எதிர்முழக்கம் என்பது யாது?

இ) நெடுவினா
'கிஸ்ஸா' கடைகள் எளிய மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டன?

ஈ) செயல்பாடு
நீங்கள் வாழும் தெருவில் கண்களை மூடி ஐந்து நிமிடம் அமருங்கள். கேட்ட ஒலிகளைத் தமிழில் பட்டியலிடுக. அவற்றுள் எவை இனியவை, எவை இடையூறானவை என வகைப்படுத்துக. வீட்டுப் பெரியோரிடம், அவர்தம் சொந்த ஊரில் கேட்ட ஒலிகளைக் கேட்டறிந்து, இரு பட்டியல்களையும் ஒப்பிடுக.