சாமிநாதர் சபைத் துறவிகளும் அவர்தம் கல்வியும்

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் பெருவழியிலே கருமத்தம்பட்டி என்னும் ஊர் உளது. திருப்பூரின் பின்னலாடைகளை ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் அவ்வழியே ஓடுகின்றன. அங்குச் செபமாலை மாதாவின் பெயரால் விளங்கும் பழைய ஆலயத்தை நம் மாணவருட் பலர் கண்டிருப்பர். செபமாலைப் பக்தியை உலகெங்கும் பரப்பிய பெருமை சாமிநாதர் சபையாருக்கு உரியது என்பதை அறிந்தவரோ சிலரே. அவ்வாலயத்தை நிறுவியவர் அவரல்லர். கொங்கு நாட்டில் முற்பட உழைத்தவர் சேசு சபையாரே. ஆயினும் அப்பெயரை வாயிலாகக் கொண்டு, பிரசங்கத்தையே தொழிலாக ஏற்ற அத்துறவிகளின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

இலத்தீன் மொழியில் தொமினிக்குஸ் என்பது ஆண்டவருக்கு உரியவன் எனப் பொருள்படும். அதனைச் சாமிநாதர் என வழங்கிய பழந்தமிழ்க் கிறிஸ்தவரின் மொழித்திறன் பாராட்டற்குரியது. இவர் ஸ்பெயின் தேசத்துக் கலெருவேகா என்னும் ஊரில் ஏறத்தாழ 1170-ஆம் ஆண்டிற் பிறந்தார். 1206-இல் பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில், பாப்பரசரின் தூதர்கள் குதிரைகளும் பரிவாரங்களும் சூழச் சென்று பிரசங்கித்தும் ஜனங்கள் செவிசாய்க்கவில்லை. எதிர்ப்பக்கத்துப் போதகரோ எளிய வாழ்வினர். ஆகவே ஆடம்பரத்தை விடுத்துக் கால்நடையாய், இரந்துண்டு போதித்தலே தக்கது என்று சாமிநாதரின் மேற்றிராணியாராகிய தியேகு உரைத்தார். சாமிநாதர் அவ்வழியைத் தம் வாழ்நாள் முழுதும் கைக்கொண்டார். சொல்வோன் வாழ்வு சொல்லுக்கு மாறாயின் சொல் பயனின்றி ஒழியும் என்பதை நம் நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1216-ஆம் ஆண்டு டிசம்பர் 22-இல் மூன்றாம் ஒனோரியுஸ் பாப்பரசர் இச்சபையை உறுதிப்படுத்தினார். அடுத்த ஆண்டே, சபை இன்னும் சிறிதாயிருக்கையில், சாமிநாதர் தம் சீடரைப் பாரீசுக்கும் ஸ்பெயினுக்கும் பிரித்து அனுப்பினார். நண்பர் பலர் இதனைத் தடுத்தனர். விதைநெல்லைக் குதிரில் அடைத்துவைத்தால் உளுத்துப்போகும் என்பதே அவர் கருத்து. பாரீசும் பொலோஞாவும் அக்காலத்துப் பெருங் கலாசாலைகள் இருந்த நகரங்கள். இரந்துண்ணும் துறவிகளை அவர் அங்கே குடியேற்றியதன் நோக்கம் கல்வியேயாம்.

பிற மடங்களில் உழவும் கைத்தொழிலும் பெற்றிருந்த இடத்தை இச்சபையிற் கல்வி பெற்றது. பாடம் சொல்ல ஓர் ஆசிரியர் இல்லாத மடம் நிறுவப்படலாகாது என்பது பண்டை விதி. கோயிற் செபங்களைச் சுருக்கமாகவும் விரைவாகவும் முடித்தல் வேண்டும், இல்லையேல் படிப்புக்குக் குறைவு நேரும் என்பது மற்றொரு விதி. இதனினும் வியப்பு, படிப்புக்கோ பிரசங்கத்துக்கோ இடையூறாகும் ஒழுங்குகளிலிருந்து ஒருவனை விலக்கும் அதிகாரம் மடத்துச் சிரேஷ்டருக்கு அளிக்கப்பட்டமை. தம் ஒழுங்குகளைத் தாமே தளர்த்த இடம் வைத்து எழுதிய சட்டம் துறவற உலகில் அரிது. அச்சிரேஷ்டரையும் துறவிகளே வாக்களித்துத் தெரிந்தெடுப்பர்.

சபையிற் சேர விழைவோன் முதற்கண் ஓராண்டு நவசந்நியாசியாய் இருந்து செபத்திலும் மௌனத்திலும் பொதுவாழ்விலும் பழகுவான். பின்னர்ச் சில ஆண்டுகளுக்கு மட்டும் வார்த்தைப்பாடு கொடுத்து, தத்துவ சாஸ்திரமும் தேவசாஸ்திரமும் கற்று, அதன்பின் சாகுமட்டும் நிலைக்கும் வார்த்தைப்பாடு கொடுப்பான். சிரேஷ்டர் கைகளில் தன் கைகளை வைத்து அவன் சொல்லும் வாசகத்திலே கீழ்ப்படிதல் ஒன்றே வெளிப்படக் கூறப்படும். வறுமையும் கற்பும் அதனுள் அடங்கும். வெள்ளை அங்கியும் உத்தரீயமும் அவர் உடை. மேலே கறுப்புப் போர்வை. குருப்பட்டம் பெறாது சகோதரராகவே வாழ்வோரும் உளர்.

இச்சபையார் இந்தியாவுக்கு வந்தது போர்த்துக்கீசியர் காலத்தில் என்று பலர் எண்ணுவர். 1548-இல் அவர்கள் கோவாவில் மடம் அமைத்தது மெய்யே. ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, பிரான்ஸ் தேசத்துச் செவெராக் ஊரினரான யோர்தான் என்னும் சாமிநாதர் சபைத் துறவி இங்கு வந்துவிட்டார். பிரான்சிஸ்கு சபையார் நால்வருடன் அவர் கொல்லத்துக்குப் புறப்பட்டார். கப்பல் பம்பாய்க்கு அருகிலுள்ள தாணாவை அடைந்தது. 1321 ஏப்பிரலில், யோர்தான் வேறிடம் சென்றிருந்த வேளையில், அந்நால்வரும் அங்கே கொல்லப்பட்டனர். அவர் திரும்பி வந்து அவர்தம் உடல்களைச் சோபாராவில் அடக்கம் செய்தார். அன்னிய நாட்டில், துணையிழந்த நிலையிலும் அவர் உடனே ஊர் திரும்பிவிடவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலும் பின்னர் 1324 ஜனவரியிலும் தம்மவர்க்கு எழுதிய இரு கடிதங்களில், மேலும் துறவிகளை அனுப்புமாறு வேண்டினார். 1329-இல் இருபத்திரண்டாம் அருளப்ப பாப்பரசர் அவரைக் கொல்லத்தின் முதல் மேற்றிராணியாராக நியமித்தார்.

அவர் இலத்தீனில் எழுதிய நூலொன்று எஞ்சியுளது. பலாவையும் மாவையும் தென்னையையும் கண்டு அவர் கொண்ட வியப்பு அதில் நிரம்பியிருக்கிறது. இந்நாட்டுக் கப்பல்களின் பலகைகள் இரும்பாணியின்றி ஊசியும் கயிறும் கொண்டு தைக்கப்பட்டவை என்றும் எழுதியுள்ளார். தையலே பிழைப்பாகிய திருப்பூரில் இதனைப் படிப்பவர்க்கு ஒரு முறுவல் தோன்றாதிராது. கண்ணாற் கண்டதைக் கூர்ந்து நோக்கி எழுதும் அப்பழக்கம் மடத்துக் கல்வியின் பயன் எனல் பொருந்தும்.

துறவிகள் வேற்று மொழிகளைக் கற்றாலன்றிப் போதகம் நடவாது என்பதைச் சபையார் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். பெஞ்ஞாபோர்த்து ரைமுந்தர் 13-ஆம் நூற்றாண்டில் அரபி, எபிரேய மொழிகளைக் கற்பிக்கும் கழகங்களை ஊக்கினார். நம் கொங்கு நாட்டிலும் இதனை ஒத்ததொரு கவலை பின்னர் எழுந்தது. 1846 அக்டோபர் 4-இல் கருமத்தம்பட்டியிலே மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்ற மரியோன் பிரெசிலாக் இச்சபையினர் அல்லர். ஆனால் இந்நாட்டு இளைஞரையே நன்கு பயிற்றிக் குருக்களாக்க வேண்டும் என்று உறுதியாய் வாதித்தவர். சாதி வழக்கங்களைப் பற்றிய மனவருத்தங்களால் 1855-இல் அப்பதவியை விட்டு நீங்கினார். மறு ஆண்டு லியோனில் ஆபிரிக்க வேதபோதக சபையை நிறுவி, 1859-இல் பிரீட்டவுனில் இறந்தார்.

இன்று திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் தமிழோடு ஒடியாவும் இந்தியும் வங்காளமும் ஒலிக்கின்றன. இரவு வேலை முடித்துத் தம் விடுதிக்குத் திரும்பும் ஒடியா இளைஞனிடம் பேச விரும்பும் போதகன், அவன் எந்த மதத்தினனாயினும், எத்தனை மாதம் அவன் மொழியைப் படிக்க வேண்டும் என்பது கணக்கிடத் தக்கது. குருமடங்களின் பாடத்திட்டத்திலே கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் இடம் உண்டு. நொய்யற்கரையிற் பேசப்படும் அம்மொழிகளுக்கும் இடம் தருதல் யோர்தானின் வழிக்கு மாறானதென்று நாம் கருதவில்லை.