படச் செயலியில் கேட்ட அளவும் அமைந்த அளவும்

ஒளிப்படக் கருவியின் படச் செயலிக்கு ஓர் அளவைக் கட்டளையிட்டவுடன் அது அவ்வாறே நிலைபெற்றதாகக் கொள்ளுதல் பலரிடமும் காணப்படும் வழக்கம். உண்மை வேறு. 2002-ஆம் ஆண்டில் லினக்ஸில் சேர்க்கப்பட்ட ‘வீடியோ ஃபார் லினக்ஸ் 2’ முறையில், கேட்கப்பட்ட பட அளவை வன்பொருளுக்கேற்பத் திருத்தும் உரிமை இயக்கி மென்பொருளுக்கு உண்டு. அகலம் 1000 புள்ளிகள் எனக் கேட்கப்பட்டதாகக் கொள்வோம். செயலி 16-இன் மடங்குகளையே ஏற்குமாயின், இயக்கி அதனை 1008 எனத் திருத்தி, பிழையேதும் கூறாது விடையளிக்கலாம். அவ்விடையைப் படிக்காத நிரல் 1000 என்றே கணக்கிட, வரிதோறும் எட்டுப் புள்ளிகள் நழுவிப் படம் சாய்ந்து தோன்றும். மாணவரோ வில்லையைக் குறை கூறுவர்!

திருப்பிப் படித்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒளிபடு நேரம் போன்ற அமைப்பை வினவுங்கால், இயக்கி பெரும்பாலும் தான் நினைவில் வைத்துள்ள இறுதிக் கட்டளையையே தரும். தானே மாறக்கூடியது எனக் குறிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே வன்பொருளை நேரில் கேட்டறியும். மேலும், புதிய நேரம் உணரியில் நடைமுறைக்கு வருவதற்குள் சில படங்கள் கழிந்துவிடும். ‘லிப்கேமரா’ நிரல்தொகுப்பு ஒவ்வொரு படத்துடனும் அதற்குரிய ஒளிபடு நேரத்தையும் பெருக்கத்தையும் குறித்துத் தருகிறது. பயிரின் இலைநிறத்தை நாள்தோறும் ஒப்பிடுவோர், தாம் இட்ட கட்டளையை விடுத்து, இக்குறிப்பையே பதிவேட்டில் எழுதுதல் வேண்டும்.